நாலுக்கு நாலு

"ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க மேடம். வேற ஒண்ணும் வேண்டாம்," என்றார் மாசானம்.

"என்ன வரி?"

"நெட்வொர்க்குல குறை இல்லன்னு."

ஹெப்சிபா போர்வையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சர்வர் அறை எப்போதும் மார்கழிதான்.

"குறை இல்லையா?"

"பிங் போகுது மேடம். பதிலும் வருது."

"ம்."

மாசானம் நின்றுகொண்டே இருந்தார்.

மாசானத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த ஆஸ்பத்திரிக்குக் கேபிள் இழுக்க வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. எந்தச் சுவரில் எந்த ஓட்டைக்குள் எந்தக் கேபிள் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

ஹெப்சிபாவுக்கு முப்பத்தைந்து. பிறந்தது இந்தப் பக்கம். வேலை மதுரையில். மாதத்துக்கு ஒரு தடவை வந்து, அடித்தளத்தில் இருக்கிற இந்தக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, புது நெட்வொர்க்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்.

சொல்லிக் கொடுப்பார் என்பது பேச்சுக்கு. ஏதாவது கேட்டால் திரும்ப ஒரு கேள்வி வரும். இல்லாவிட்டால் ஒரு வேலை வரும்.

"அந்த அம்மா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசும். அதுல ஆறு 'ம்'," என்பார் லிஃப்ட் ஓட்டுகிற பிச்சுமணி.

மாசானம் அவரை மேடம் என்பார். அவர் மாசானத்தை அண்ணாச்சி என்பார். தன்னைவிடப் பதினேழு வயசு இளைய ஒருத்தரிடம் நோட்டும் பேனாவுமாக உட்கார மாசானத்துக்கு முதல் இரண்டு மாதம் கூசியது. பிறகு கூசவில்லை.

ஆஸ்பத்திரி ஆற்றின் இரண்டு கரையிலும் இருந்தது. இக்கரையில் அவசரப் பிரிவு, ஸ்கேன். அக்கரையில் ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொல்கிற டாக்டர்கள்.

முன்பெல்லாம் சர்வர் என்றால் தட்டிப் பார்க்கலாம். சுவிட்ச் என்றால் பச்சை விளக்கு எரியும். இப்போது ஒரே பெட்டிக்குள் இருபது சர்வர்கள். ஒன்றையும் கையால் தொட முடியாது. அவற்றுக்கு நடுவில் சுவிட்சும் இல்லை, கேபிளும் இல்லை. திரையில் பெயர் எழுதி, எண் எழுதி, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். இக்கரைச் சர்வரும் அக்கரைச் சர்வரும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலப் பேசிக்கொள்ளும்.

அந்த எழுத்தையெல்லாம் எழுதியது மாசானம். அமுக்கியதும் மாசானம். முதன்முதலாக அதில் ஏற்றியது ஸ்கேன் சர்வரை.

ஏற்றிய அன்றைக்கே மத்தியானம் சங்கரபாண்டி என்கிற பஸ் கண்டக்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருந்தால் ஊசி போடலாம். ரத்தம் கசிந்திருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். எது என்று படம்தான் சொல்லும். படத்தை அக்கரை டாக்டர்தான் படிப்பார். விழுந்ததிலிருந்து நாலரை மணி நேரம். தாண்டினால் ஊசி கிடையாது.

ஸ்கேன் எடுத்தவள் ஆவுடைச்செல்வி. எடுத்தாள், அனுப்பினாள். தொடர்பு கிடைத்தது என்று திரை சொன்னது. படம் நகரவில்லை.

மாசானத்துக்குப் போன் செய்தாள்.

மாசானம் உட்கார்ந்த இடத்திலிருந்தே அக்கரைக்கு பிங் அனுப்பினார். அது ஒரு சின்னக் குரல். இருக்கியா என்று போகும். இருக்கேன் என்று வரும். நாலு தடவை போனது. நாலு தடவையும் வந்தது.

"நம்ம பக்கம் சுத்தமா இருக்கு தாயி. உன் மெஷினப் பாரு."

மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் அதே பதில். மெஷினை அணைத்துப் போட்டாள், அணைத்துப் போட்டாள். செல்போனில் படம் பிடித்து அனுப்பினாள். இதைப் பார்த்து நான் சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டர். கடைசியில் சீடியில் எழுதி, ஆட்டோ பிடித்து, பாலத்து நெரிசலில் பாதித் தூரம் இறங்கி ஓடி, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நாலரை மணி நேரம் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

அது நடந்து ஒன்பது நாள். ஸ்கேன் மெஷினில்தான் கோளாறு என்று எல்லோரும் முடிவுகட்டி, அதற்கு ஆள் வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை படங்களெல்லாம் சீடியில் ஏறி, ஆட்டோவில் பாலம் தாண்டிக்கொண்டிருந்தன.

இன்றைக்கு மூன்று மணிக்கு விசாரணை. மெஷினைச் சரியாகப் பார்க்காமல் நேரத்தைக் கடத்தினாள் என்று எழுதி ஆவுடைச்செல்வியை அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

மாசானத்திடம் நிர்வாகம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். நெட்வொர்க் சரியாக இருந்தது என்று வெளியாள் ஒருத்தரிடம் எழுதி வாங்கி வர வேண்டும்.

*

"அன்னைக்கு நீங்க என்ன எழுதினீங்க?" என்று கேட்டார் ஹெப்சிபா.

மாசானம் புகார் நோட்டை எடுத்துப் படித்தார்.

"ஸ்கேன் அறையிலிருந்து புகார். பிங் நாலுக்கு நாலு. நெட்வொர்க் நன்று. புகார் முடிக்கப்பட்டது."

"அந்த நாலும் எவ்வளவு பெரிசு?"

"எது மேடம்?"

"நீங்க அனுப்புன நாலு."

மாசானம் விழித்தார். இருபத்தாறு வருடமாக பிங் அனுப்புகிறார். அது எவ்வளவு பெரிது என்று யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

திரையில் பார்த்துச் சொன்னார். "முப்பத்திரெண்டு. முப்பத்திரெண்டு எழுத்து மாதிரி வச்சுக்கலாம்."

"ஒரு ஸ்கேன் படம்?"

"அது கோடிக்கணக்குல வரும். ஆனா மொத்தமாப் போகாதுல்லா. துண்டு துண்டாத்தான் போகும். துண்டுக்கு ஆயிரத்து ஐநூறு."

"ம்."

மாசானம் காத்திருந்தார்.

"முப்பத்திரெண்டைக் கூட்டிக்கிட்டே போங்க," என்றார் ஹெப்சிபா.

நூறு அனுப்பினார். பதில் வந்தது.

ஐநூறு. வந்தது.

ஆயிரம். வந்தது.

"பாத்தியளா மேடம்?"

"போங்க."

ஆயிரத்து நானூறு. வந்தது. பிறகு பத்துப் பத்தாகக் கூட்டினார். பிறகு ஒவ்வொன்றாக. துண்டின் மேல் எழுதுகிற விலாசத்தையும் சேர்த்து ஆயிரத்து நானூற்று ஐம்பது. வந்தது.

ஐம்பத்தொன்று.

திரை காத்திருந்தது. மாசானமும் காத்திருந்தார்.

வரவில்லை.

ஐம்பதுக்கு இறங்கினார். வந்தது. மறுபடி ஐம்பத்தொன்று. வரவில்லை. மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்கினார். ஒன்றும் மாறவில்லை.

"ஏன் மேடம்?"

ஹெப்சிபா புகார் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வெளிய போய் நில்லுங்க. கதவைச் சாத்திக்கோங்க. நான் ஒண்ணு அனுப்புறேன்."

மாசானம் வெளியே போய் நின்றார். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாகப் புகார் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"வந்துட்டு."

"மறுபடி நில்லுங்க."

நின்றார்.

ஒன்றும் வரவில்லை.

லிஃப்ட் திறந்து பிச்சுமணி தலையை நீட்டினார். "என்ன அண்ணாச்சி, வகுப்புக்கு வெளிய நிறுத்திட்டாவளா? வீட்டுப்பாடம் எழுதலையோ?"

"சோலியப் பாத்துட்டுப் போவும்."

"முட்டி போடச் சொல்லலல்லா? அதுவரைக்கும் சந்தோசம்." லிஃப்ட் மூடிக்கொண்டது.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். தரையைப் பார்த்தார். வெறும் தரை. பொறுக்க முடியாமல் கதவை வெளிப்பக்கம் இழுத்துத் திறந்தார்.

நோட்டு அங்கேதான் கிடந்தது, கதவை ஒட்டி, உள்பக்கம். இரண்டு கரைக்கும் நடுவில் காகிதங்கள் போய்வருகிற கெட்டி அட்டை உறைக்குள் அதைப் போட்டிருந்தார் ஹெப்சிபா. உறையோடு அது இடுக்கில் நுழையவில்லை.

"எப்ப அனுப்புனிய?"

"நீங்க போனவுடனே."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே மேடம்."

"ம்."

"ஒண்ணு அனுப்பியிருக்கியன்னே தெரியல."

ஹெப்சிபா போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டார்.

மாசானம் குனிந்து நோட்டை எடுத்தார். உறையிலிருந்து உருவினார். மறுபடி நுழைத்தார். மறுபடி உருவினார். உறையின் கனத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

அப்புறம் அவராகவே போய்த் திரையின் முன்னால் உட்கார்ந்தார்.

புது நெட்வொர்க்கில் ஒவ்வொரு துண்டையும் இன்னொரு உறைக்குள் போட்டுத்தான் பாலம் தாண்டி அனுப்புகிறார்கள். உறைக்கு ஐம்பது. பாலத்து வழியில் கொள்வது மொத்தம் ஆயிரத்து ஐநூறுதான். அளவு என்று அங்கே ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமனே விட்டிருந்தால், உறைக்கு வேண்டிய இடத்தை அதுவே ஒதுக்கியிருக்கும்.

மாசானம் வெறுமனே விடவில்லை. ஆயிரத்து ஐநூறு என்று கையால் எழுதியிருந்தார். எந்தப் பெட்டி வந்தாலும் அந்தக் கட்டத்தில் அவர் எழுதுகிற எண் அது. யோசித்து எழுதுவதில்லை. பழைய கேபிளில் உறை கிடையாது.

உறையோடு வழியில் கொள்ளாததை வழி கீழே போட்டுக்கொண்டே இருந்தது. அனுப்பியவருக்கும் சொல்லவில்லை. வாங்க வேண்டியவருக்கும் சொல்லவில்லை. எந்தப் பதிவிலும் ஒரு வரி இல்லை.

அந்தக் கட்டத்தில் ஆயிரத்து நானூற்று ஐம்பது என்று மாற்றினார். பொத்தானை அமுக்கினார்.

ஒரு எண்ணை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? எச்சில் விழுங்குகிற நேரம்.

ஒன்பது நாளாகத் தேங்கிக் கிடந்த படங்கள் வரிசையாக நகர ஆரம்பித்தன. மாசானம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படம் போனது. இன்னொன்று போனது. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார்.

*

படியில் யாரோ ஓடி இறங்குகிற சத்தம் கேட்டது. ஆவுடைச்செல்வி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடியிலிருந்து வந்த மூச்சிரைப்பு அடங்கவில்லை.

"அண்ணாச்சி, அக்கரையிலருந்து போன் வந்துச்சு."

"என்னவாம்?"

"புதுசா வந்திருக்கிற டாக்டராம். சங்கரபாண்டின்னு ஒரு படம் இப்ப வந்து இறங்கியிருக்கு, பாத்துட்டேன், ரத்தக் கசிவு இல்ல, அடைப்புதான், ஊசி போடலாம்னுட்டாரு."

மாசானம் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"சீக்கிரம் போடச் சொல்லுங்க, நேரம் போகுதுன்னு சத்தம் போடுதாரு. நான் என்ன சொல்ல அண்ணாச்சி? தேதியப் பாருங்க சார்ன்னேன். பாத்துட்டுப் போன வச்சுட்டாரு."

அவள் அழவில்லை. ஒன்பது நாளில் அதெல்லாம் தீர்ந்துபோயிருக்கும்போல.

"இன்னைக்கு என் மெஷின நான் தொடவே இல்ல," என்றாள். "தானா எப்படிப் போச்சு? நீங்க ஏதும் செஞ்சியளா?"

மாசானம் திரையைப் பார்த்தார். படங்கள் போய்க்கொண்டிருந்தன.

"நான் என்னத்தச் செய்ய? தானா சரியாயிருக்கும். மெஷின்னா அப்படித்தான், சில நேரம் மக்கர் பண்ணும், சில நேரம் ஓடும்."

ஆவுடைச்செல்வி கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப என் மெஷின்லதான் இருந்திருக்கு," என்றாள் மெதுவாக. "அன்னைக்கு இன்னொரு தடவ அணைச்சுப் போட்டுப் பாத்திருக்கணும். ரெண்டு தடவயோட விட்டுட்டேன்."

திரும்பி நடந்தாள். போகும்போது ஓடவில்லை. ஒவ்வொரு படியாகக் கேட்டது.



மாசானம் நாற்காலியை ஹெப்சிபா பக்கம் திருப்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு. இத்தன வருஷத்துல ஒரு மெமோ கிடையாது. அவ சின்னப் பிள்ள. வேற ஆஸ்பத்திரியில சேந்துக்கிடுவா."

"ம்."

"இது எதுலயும் பதிவும் ஆகல. நாம ரெண்டு பேர் தவிர யாருக்கும் தெரியாது."

"ம்."

"இப்ப எழுதலாம்லா? நெட்வொர்க்குல குறை இல்லன்னு. இப்பத்தான் குறை இல்லயே. பொய்யும் இல்லல்லா."

"எழுதுறேன்," என்றார் ஹெப்சிபா.

மாசானம் பேனாவை நீட்டினார்.

ஹெப்சிபா போர்வையை மடித்து நாற்காலியில் வைத்தார். "இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கு. வாங்க அண்ணாச்சி."

*

மூன்றாவது மாடி. நீளமான வார்டு. ஜன்னல் ஓரமாகக் கடைசிக் கட்டில்.

கட்டிலில் ஒருத்தர் தலையணையில் சாய்ந்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கஞ்சியும் கரண்டியுமாக. கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிவிட்டிருந்தாள். கஞ்சி ஒரு பக்கமாக வழிந்தது. வழிந்ததைக் கரண்டியாலேயே வழித்து மறுபடி ஊட்டினாள்.

மாசானம் அந்த முகத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் பெயரைப் படித்தார். நின்றுவிட்டார்.

"கேளுங்க," என்றார் ஹெப்சிபா.

"என்ன கேக்க?"

"ஏதாச்சும்."

மாசானம் தொண்டையைச் செருமினார். "எப்படி, நல்லா இருக்கியளா?"

சங்கரபாண்டி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆமா."

தெளிவாகத்தான் வந்தது. மாசானத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது.

"சாப்பாடு எறங்குதா?"

"ஆமா."

"தூக்கம் வருதா?"

"ஆமா."

"முன்னைக்கு இப்பக் கொஞ்சம் தேவலாமா?"

"ஆமா."

மாசானம் ஹெப்சிபாவைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட வந்திருந்தது.

"பரவாயில்லயே மேடம். நல்லாப் பேசுதாரே."

"இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேளுங்க."

சிரிப்பு நின்றது.

மாசானம் மறுபடி கட்டில் பக்கம் திரும்பினார்.

"உங்க பேரு என்ன?"

"ஆமா."

"இல்ல, பேரு. உங்க பேரு."

"ஆமா."

"எத்தன பிள்ளைய உங்களுக்கு?"

"ஆமா. ஆமா."

கண் மட்டும் வேறு எதையோ சொல்லப் பார்த்தது. நெற்றியில் நரம்பு புடைத்தது. இடது கை போர்வையைப் பிடித்துப் பிசைந்தது. வாய் திறந்து, ஏதோ பெரிதாக ஒன்று உள்ளே எழும்பி, தொண்டை வரைக்கும் வந்து, வெளியே வந்தது இதுதான்.

"ஆமா."

அப்புறம் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் மனைவி துண்டால் அதையும் துடைத்தாள்.

"அது ஒண்ணுதான் சார் வருது," என்றாள். "எதக் கேட்டாலும் அதான். பசிக்கான்னாலும் ஆமா, வேண்டாமான்னாலும் ஆமா. உள்ள எல்லாம் இருக்காம். வெளிய வரமாட்டேங்குதாம். டாக்டர் சொன்னாரு."

மாசானத்தின் கை கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"இருபத்திரண்டு வருஷம் சார். பாவூர்சத்திரம், ஆலங்குளம், மாறாந்தைன்னு ஊர்ப் பேரக் கத்திக் கத்திச் சொன்ன வாயி. வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. சித்த சும்மா இரும்யான்னு நான்தான் வைவேன்."

கரண்டியால் கஞ்சியைக் கலக்கினாள். ஆறிப்போயிருந்தது.

"அந்த ஸ்கேன் பிள்ள லேட் பண்ணிட்டாளாம். ஊசி போட்டிருந்தா இவுக எந்திரிச்சு நடந்திருப்பாகளாம். மூணு மணிக்கு என்னயும் கூப்பிட்டிருக்காவ. அவ மூஞ்சியப் பாத்து நாலு கேக்கணும்னு இருக்கேன். வேலையில வச்சிருக்கக் கூடாது சார் அவள. இன்னொரு குடும்பம் இப்படி நிக்கக் கூடாதுல்லா?"

மாசானம் வாயைத் திறந்தார்.

"அவ மேல தப்பு இல்லம்மா."

சொன்னது அவர் காதிலேயே சரியாக விழவில்லை. அவ்வளவு சின்னதாக இருந்தது.

"பெறவு?" அவள் இப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தாள். சட்டைப் பையில் பேனா. கழுத்தில் அடையாள அட்டை. "நீங்க எந்த டாக்டரு?"

"டாக்டர் இல்ல."

"பெறவு யாரு?"

மாசானம் ஹெப்சிபாவைத் தேடித் திரும்பினார். ஹெப்சிபா அங்கே இல்லை. வார்டின் அந்தக் கோடியில், படிக்கட்டுப் பக்கம், அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

கட்டிலுக்குக் கீழே ஒரு ஸ்டூல் இருந்தது. மாசானம் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முகமும் சங்கரபாண்டி முகமும் ஒரே உயரத்துக்கு வந்தன.

அவர் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. சங்கரபாண்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"என் பேரு மாசானம். கீழ நெட்வொர்க் பாக்குதேன். அன்னைக்கு உங்க படம் போற வழியில ஒரு எண்ணத் தப்பா எழுதி வச்சிருந்தேன். அதனால போகல. அந்தப் பிள்ள என்னய மூணு தடவ கூப்பிட்டா. நான் எந்திரிச்சு மாடிக்குப் போயி அவ திரையப் பாக்கல. உக்காந்த இடத்துலயே எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதி முடிச்சுட்டேன். இன்னைக்குக் காலையிலதான் எனக்கே தெரிஞ்சுது. தெரிஞ்ச பெறவும் அவகிட்ட ஒளிச்சேன். மூணு மணிக்கு எல்லார் முன்னாலயும் இதத்தான் சொல்லப் போறேன். உங்கள இப்படிக் கெடத்துனது நான்."

அந்த அம்மாள் கையில் கரண்டி அப்படியே நின்றது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

சங்கரபாண்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றார்.